பன்னிரண்டு வருஷம் இருக்கிற நாய்

சிட்டு, அடி என் சிட்டு,

நாய் வாங்கியாச்சு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் நாய்க்குட்டி" என்று யாழினிக்கு நீ கொடுத்த வாக்கு, ஏழு மாதமாக இந்த வீட்டுக்கு நடுவில் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம். நீ வரவில்லை. நாயாவது வர வேண்டாமா?

என் எழுத்தைப் பார்த்து, "கோழி கெளறுன மாதிரி இருக்குதுக்கா" என்று சிரிப்பாய். ஐந்தாவதோடு நின்றவளுக்கு இவ்வளவுதான் வரும். இடுப்பில் உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில்தானே என் படிப்பு நின்றது. கஷ்டப்பட்டாவது படித்துக்கொள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாட்டைப் பக்கத்து வீட்டில் விட்டேன், பூரணாங்குப்பம் வீட்டைப் பூட்டினேன், வில்லியனூரில் உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் ஷிஃப்ட். பிள்ளையை வேறு யார் பார்ப்பது? லிஃப்டில் ஏற எனக்கு இன்னும் பயம்தான். மூன்று மாடியும் படியில்தான் ஏறுகிறேன். உன் அடுப்பங்கரையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. எதையும் இடம் மாற்றவில்லை. வாசலில் உன் செருப்பையும் எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை.

யாழினி ரொம்ப நாள் நாயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் எல்லாம் நாய் ஜாதி. லேப்ரடார், பக், பொமரேனியன், ஷிட்சூ, பீகிள். ஒவ்வொன்றுக்கும் நேராக, குலைக்குமா, முடி கொட்டுமா, எவ்வளவு ஓடணும், வெயில் தாங்குமா.

"இன்னாடி இது, மாப்ள பாக்குற மாதிரி ஜாதகம் எழுதறே?"

"ஃபிளாட்டுல எல்லா நாயும் வளக்க முடியாது பெரீம்மா. பொருத்தம் பாக்கணும்."

"பாத்துட்டு?"

"அப்பாகிட்ட நீதான் கேக்கணும்."

அவள் கேட்கமாட்டாள் சிட்டு. அப்பா அழுதுவிடுவாரோ என்று பயம். ஒன்பது வயசுக்கு இத்தனை யோசனை ஆகுமா?

எனக்கே அதில் இஷ்டமில்லை என்பதுதான் நிஜம். நாய் என்றால் மண்ணில் கிடக்க வேண்டாமா? நம் மணி பதினோரு வருஷம் நம்மோடு இருந்தான், ஒரு நாளாவது வாசற்படி தாண்டி உள்ளே வந்திருப்பானா? இந்த டைல்ஸ் தரையில் அது எங்கே குழி பறிக்கும், எங்கே கால் தூக்கும்? ஆனாலும் நீ சொன்ன வார்த்தை. மாப்பிள்ளையிடம் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "முடி கொட்டாததா பாருங்கக்கா" என்றார். அவ்வளவுதான். அதுதான் சம்மதம்.

அடுத்தது கீழ்வீட்டில் இருக்கிற ஃபிளாட் சங்கத்து செக்ரட்டரி சார். பென்ஷன் வாங்கிக்கொண்டு கேட்டருகே பேப்பர் படிப்பாரே, அவர்தான்.

"நாய் வளக்கக் கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமை கெடையாதுமா. ஆனா குலைச்சா வந்து சொல்லுவேன்" என்றார்.

"நாயி குலைக்காம பின்ன பாட்டா பாடும் சார்?"

"அதுலயே சாந்தமான ஜாதி இருக்குது. பாத்து எடு."

உன் போன் இப்போது யாழினியிடம்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்துச் செய்தியெல்லாம் அதில்தான் வருகிறது. அதில் 'நாய் அண்ணன்' என்று நீ ஒரு நம்பர் போட்டு வைத்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். நம்பர் மட்டும்தான் இருந்தது. பேசினது, அனுப்பினது ஒன்றும் இல்லை. அழித்திருக்கிறாய். ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் யாழினியும் பாகூருக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மணப்பட்டு போகிற வழியில் ஆட்டோவில் போனோம். ஒரு தென்னந்தோப்பு. உள்ளே தகரக் கொட்டகை, கம்பிக் கூண்டுகள். லுங்கி கட்டின ஆள் ஒருவர் நாய்களுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். நிழலில் குட்டிகளை அவிழ்த்து விட்டிருந்தார். "பாத்துகினு இருங்க, வர்றேன்" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த மாதிரி பார்த்தேன். நம் அப்பா எப்படிப் பார்ப்பார்? பிடரியைப் பிடித்துத் தூக்குவார். கத்தினால் கோழை, கத்தாததுதான் காவலுக்கு ஆகும். மணியை அப்படித்தானே எடுத்தார். ஒரு சப்பை மூக்குக் குட்டி, அதுதான் பக், அதைப் பிடரியோடு தூக்கினேன். அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது பார், தோப்பே திரும்பியது.

"யக்கா! யக்கா! கீழ வுடுங்க! அது இன்னா கத்திரிக்காயா, காம்ப புடிச்சித் தூக்கறீங்க?"

சோற்றுக் கையோடு ஓடி வந்தார் அந்தத் தம்பி. நான் அசடு வழிய நின்றேன். யாழினி சிரித்தாள். உன் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள், சிட்டு. நீ போன பிறகு அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் களத்துமேட்டுக் காவலுக்குப் பாக்கறது யக்கா. மாடி வூட்டுக்கு மாத்திப் பாக்கணும். தோ, அந்த ஓரமா சும்மா குந்துங்க. ஓடியாந்து மேல ஏறி கடிக்கறது வேணாம், வூட்டையே பிரிச்சிப் போட்டுடும். மூலையில போயி ஒளியறதும் வேணாம், ஆளில்லன்னா அழுதே ஊரக் கூட்டும். நிதானமா வந்து மோந்து பாத்துட்டு பக்கத்துல படுக்குது பாருங்க, அதான் உங்களுது."

யாழினி நோட்டை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி பதில் சொன்னார். சின்ன நாய் என்றால் அமைதி என்று நினைக்கக் கூடாதாம், பொமரேனியன் காற்றடித்தாலே குலைக்குமாம். பக் சாந்தம்தான், ஆனால் அந்த மூக்குக்கு நம் வெயிலில் மூச்சு வாங்குமாம். ஷிட்சூவுக்குத் தினம் தலை வாரி விடணுமாம். "லேபு தங்கமான நாயி பாப்பா. காலையிலயும் சாயங்காலமும் அதுகூட யாரு ஓடுவா? பெரீம்மாவா?"

"நான் மூணு மாடி ஏறவே மூணு எடத்துல நிக்கிறேன்" என்றேன்.

எந்த ஊர் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். வழி கேட்க உன் போனிலிருந்து நாங்கள் கூப்பிட்டிருந்த நம்பரைத் தன் போனில் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, எத்தினி வருஷம் மேடம் வூடா நீங்க?"

எனக்குப் புரியவில்லை. போனைத் திருப்பிக் காட்டினார். உன் நம்பரை அந்தப் பேரில்தான் போட்டு வைத்திருந்தார்.

"போன மாங்கா சீசன்ல பேசினாங்க யக்கா. எல்லாரும் கலரு இன்னா, வெல இன்னான்னு கேப்பாங்க. இவங்க ஒரே கேள்வி. எந்த நாயச் சொன்னாலும், 'அது எத்தினி வருஷம் இருக்கும்?' லேபுன்னா, எத்தினி வருஷம்? பக்குன்னா, எத்தினி வருஷம்? அப்புறம் வரவேயில்ல. வேற எடத்துல எடுத்துட்டாங்களா?"

யாழினி தென்னை மரத்தடியில் குட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "எடுக்கல தம்பி. அவ இல்ல."

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அவங்க பேசி அனுப்பினது ஒண்ணு இருக்குது. கேக்கறீங்களா?" என்று போனை என் காதில் வைத்தார்.

நீதான். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. "அண்ணா, பெருசு சின்னதுல்லாம் எனக்கு வேணாம். எத்தன வருஷம் இருக்கும், அத மட்டும் சொல்லுங்க. எம் பொண்ணு இப்பதான் நாலாவது போவப் போறா. அவ காலேஜ் முடிக்கற வரைக்கும் இருக்கற மாதிரி ஒண்ணு குடுங்க. நடுவுல போயிடக் கூடாதுண்ணா. அவளால தாங்க முடியாது." அதற்குப் பிறகு இன்னொரு விசில். அவ்வளவுதான்.

தோப்பில் அப்படியே குந்திவிட்டேன்.

மாங்காய் சீசன் என்றால் சித்திரை, வைகாசி. டாக்டர் என்னையும் மாப்பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னது ஆடியில். "அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க சார், உடைஞ்சி பூடுவா" என்று கையெடுத்துக் கும்பிட்டவள் நான். சின்னக் கட்டிதான், மருந்திலேயே கரைந்துவிடும் என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் பேப்பரை சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சரிக்கா, சரிக்கா" என்றே சொன்னாய். நல்லவேளை, நம்பிவிட்டாள் என்று குளியலறையில் போய் அழுதேன். யார் யாரை ஏமாற்றினோம் சிட்டு?

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ கேட்டதையே கேட்டேன். "எது தம்பி ரொம்ப வருஷம் இருக்கும்?"

அவர் கொட்டகைக்குப் பின்பக்கம் போய் ஒரு பழுப்பு நிறக் குட்டியை எடுத்து வந்தார். காது தொங்குகிறது, கால் குட்டை.

"இதுக்கு ஜாதிப் பேரு கெடையாது. அம்மா நம்ம தெருநாயி, அப்பன் குட்டைக்கால் டாஷ் ஜாதி நாயி. இத்த நான் விக்கறதில்ல, நல்ல எடமா பாத்துக் குடுக்கறது. பெருசா வளராது. வெயிலு தாங்கும். நேரத்துக்கு ஊசி போட்டு, தெனம் ரெண்டு நட நடத்தினீங்கன்னா பன்னண்டு வருஷம் பேசாம இருக்கும். மேலயும் இருக்கும். சாமி கையில இருக்குது."

கீழே விட்டார். அது நிதானமாக வந்து என் காலை மோந்தது, பிறகு யாழினியின் காலை மோந்தது, அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. பிடரியைப் பிடித்துப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.

"இது என் நோட்டுலயே இல்லியே பெரீம்மா" என்றாள்.

"எழுதிக்கோ."

பேர் கடலை. அந்த நிறம்தான். முதல் வாரம் பால்கனியில் பேப்பர் போட்டேன், அது பேப்பரை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் போனது. இப்போது விவரம் வந்துவிட்டது. காலையில் நானும் அதுவும் படி இறங்குகிறோம், அதற்கும் லிஃப்ட் பிடிக்கவில்லை. செக்ரட்டரி சார் ஒரு நாள் மேலே வந்து, "சத்தமே காணோமே, நாயி இருக்குதா, ஓடிப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது அவர் பையில் பிஸ்கட் இருக்கிறது.

ஒன்று சொல்லணும், கோபப்படாதே. போன வாரம் கடலை உன் இடது கால் செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது. நான் பார்த்தபோது வார் மட்டும்தான் மிச்சம். எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து வந்தார், வாசலில் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று குட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவர் அந்த வாரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். நீ போன அன்றைக்குக்கூட அழாத மனுஷன், அன்றைக்கு அழுதார். யாழினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கடலை நடுவில் புகுந்துகொண்டது. நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன். வேறென்ன செய்ய?

அன்றைக்குப் படுக்கும்போது யாழினி கேட்டாள். "கடலை எத்தன வருஷம் இருக்கும் பெரீம்மா?"

நூறு வருஷம்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "பன்னண்டு வருஷம். பதினாலு இருந்தாலும் இருக்கும். அப்புறம் போயிடும்" என்றேன்.

விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, "அப்ப நான் பெரியவளா இருப்பேன்" என்றாள். குட்டியின் காதைத் தடவிக்கொண்டே தூங்கிப் போனாள். உடைந்து போகவில்லை சிட்டு. உன்னிடமும் சொல்லியிருக்கலாமோ? நாம் இரண்டு பேரும் ஒரு நாளாவது கட்டிக்கொண்டு அழுதிருக்கலாமோ?

இனிமேல் உன் பிள்ளையிடம் எதையும் மறைக்கமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அந்தத் தம்பியிடம் கேட்டு உன் குரலை வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் உட்காரவைத்து அவளுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். அம்மா உனக்கு எந்த நாயைத் தேடினாள், ஏன் தேடினாள் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். கடலையைப் பன்னிரண்டு வருஷமும் காப்பாற்றுவேன். அதுவரைக்கும் நானும் இருக்கப் பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் தெரியணும். அந்தச் சித்திரையில் ஒரு நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, வழியில் என் வீட்டுக்கு வந்தாய். "கேஸ் டிரபிள்தானாம்க்கா" என்று சிரித்தாய். மாங்காய் போட்ட மீன் குழம்பு. இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா என்று இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாய். நான் விசிறிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே. அப்போதே உனக்குத் தெரியுமாடி?

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
அஞ்சலை