நோஞ்சான் விசை

ஆடி அமாவாசைக்கு மறுநாள், செவ்வாய். எனக்கு எழுத வராது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் தென்காசிப் பையன் செல்வம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். சாயங்காலம் ஒரு காந்தத்தை ஆணிக்கு மேலே பிடித்துக் காட்டினான்.

"உலகத்துல அடிப்படை விசை நாலு தாத்தா. அதுல பூமி இழுக்கது தான் நோஞ்சான். இவ்வளவு பெரிய பூமி கீழ இழுக்கு, இந்தத் துண்டுக் காந்தம் ஆணியத் தூக்கிருச்சு பாத்தியளா?"

"இன்னாடா நோஞ்சான்? எம் புள்ளைய ஷெட்டு மேலருந்து இஸ்துப் போட்டது அதானே?"

அவன் ஆணியைக் காந்தத்திலிருந்து பிடுங்கினான். நாளைக்கு அவனும் கூரைத் தகடு மாற்ற ஏறுகிறானாம். விழாமல் இடுப்பில் மாட்டும் சேஃப்டி பெல்ட் கொடுத்தார்களா என்று கேட்டேன்.

"ஸ்டோர் பூட்டிக் கெடக்கு தாத்தா. அஞ்சு நிமிச வேலதான."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, என் மகனும் இதையேதான் சொன்னான். நீலச் சட்டை, மேல் பட்டன் இல்லை. ஒரு பெல்ட் போதும், இந்தப் பூமியை ஜெயித்திருக்கும். அது பூட்டுக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். சாவுக்குப் பெரிய மாலையாகக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

செல்வத்தின் ஐடி கார்டு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அது இல்லாமல் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். காலையில் தேடட்டும், கத்தட்டும்.