இன்றைய குறை

மார்ச் 3, திங்கள்

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். ஒன்பது நாள் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுத வேண்டிய ஒன்று இருந்ததனால்தான் எழுதாமல் இருந்தேன்.

ஃபிரிட்ஜ் விற்கும் எங்கள் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர் அக்கா. பதில் கடிதம் எழுதுபவள் நான். கூடப் பிறக்காத அக்கா. ஐந்தாண்டுகளாக அடுத்தடுத்த இருக்கை. புதிய மேலாளர் வந்தபின் காலை ஒன்பதுக்கு நின்றபடி ஒரு கூட்டம். பக்கத்து இருக்கைக்காரரிடம் கண்ட குறை ஒன்றை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ‘இன்றைய குறை’ என்று பெயர். குறையே இல்லை என்பவருக்குச் சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் ஒரு நாள் விடுப்பு போய்விடும்.

நாங்கள் மாடிப்படியிலேயே பேசி வைத்துக்கொள்வோம்.

“இன்னைக்கு எனக்கு என்னடி குறை?”

“மேசையில டீ கறை, அக்கா.”

“நேத்தும் அதானே. கொஞ்சம் பெருசா குடு, கௌரவமா இருக்கும்.”

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன். போன வாரம் ஒரு நாள் அக்காவின் பேருந்து தாமதம். நேரே கூட்டத்துக்கே வந்தார். பேசி வைக்க இயலவில்லை. என் முறை வந்தது.

“அழுகின்ற வாடிக்கையாளருக்குத் தம் சொந்த எண்ணையே கொடுத்து, வீடு சென்ற பின்னும் ஆறுதல் கூறுகிறார்” என்றேன். குறை வேடமிட்ட புகழுரை. சொல்லி முடிக்கும்போதே அவ்வாக்கியத்தின் அழகில் மயங்கியிருந்தேன். மேலாளர் குறித்துக்கொண்டார். சொந்த எண்ணைக் கொடுப்பது விதிமீறல் என்றார். மதியமே அக்காவைப் பின்கட்டுக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

பையை எடுத்துக்கொண்டவர், “நல்லா சொன்ன” என்றார். அவ்வளவே. அழைத்தால் எடுப்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

அக்காவின் நாற்காலியில் காகிதக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் “சொல்லுங்கம்மா, நான் இருக்கேன்” என்னும் குரலுக்காக என் பேனா நின்றுவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

கணவர் பாத்திரம் துலக்கியபடியே, “நேரா போய்ப் பேசு” என்றார்.

“என்னன்னு ஆரம்பிக்கிறது?”

“தப்பு பண்ணிட்டேன்னு. இதுக்குமா முன்னுரை?”

உணவு இடைவேளையில் கிடங்கின் சன்னலருகே சென்றேன். அக்கா கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்த ஃபிரிட்ஜ் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினேன். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். பார்க்கவில்லையா? பார்க்க விரும்பவில்லையா?

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் அழைத்தார். “அன்னைக்குச் சொன்னதை எழுத்துல குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள. உங்க நடையில இருந்தா தலைமை அலுவலகம் ஒரே தடவையில ஒத்துக்கும்.”

ஒத்துக்கொள்ள வேண்டியது, அக்காவின் பணிநீக்கத்தை.

எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனவள் நான். அகராதியே என் ஆசிரியர். என் நடையை அந்த அலுவலகத்தில் ஒருவரும் பாராட்டியதில்லை, அக்காவைத் தவிர. ஆகையால் ஒரு கணம் — ஒரே கணம் — மகிழ்ந்தேன். சந்தோஷப்பட்டேனே. எவ்ளோ கேவலம். யாருக்கு வேணும் இந்த நடை?

மார்ச் 13, வியாழன்

எழுதவில்லை. அலுவலகத்திலும்.

மார்ச் 14, வெள்ளி

ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: ‘நான் கூறியது குறை அன்று; அதனைக் குறையெனப் பதிவதற்குக் கையொப்பமிட இயலாது.’

மேலாளர் இருமுறை படித்தார். “அவங்க மேல அவ்ளோ பாசம்னா நீங்களும் அங்கயே போங்க.” திங்கள் முதல் கிடங்கு.

தண்டனையாம். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அத்தனை மகிழ்ச்சி. இன்னும் இரண்டே நாள். முதலில் என்ன சொல்வது? இதுவரை பதினான்கு வாக்கியங்களை எழுதி அடித்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

அக்கா எங்கே என்றதும் கிடங்குப் பொறுப்பாளர் வியப்புடன் பார்த்தார். “அவங்களா? வியாழக்கிழமை சாயங்காலமே எங்கிட்ட ராஜினாமா குடுத்துட்டுப் போயிட்டாங்களே. மேலாளருக்கு இன்னைக்குத்தான் அனுப்பினேன்.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

“தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா.” சற்று யோசித்தவர், “நல்லாவும் சொன்னதில்ல” என்றார். நேர்மையான மனிதர்.

அக்கா அமர்ந்திருந்த நாற்காலியையே எனக்கும் கொடுத்தார்கள். அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்தது. என் கால் தரையில் படவில்லை. பொறுப்பாளர் இறக்கித் தர வந்தார். வேண்டாமென்றேன்.

மாலையில் அஞ்சலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

அக்கா, நான் சொன்னது தப்பு. அழகா சொல்லணும்னு நினைச்சேன், உங்களை நினைக்கல. அதையே எழுதிக் கேட்டாங்க, குடுக்கல. இப்ப நானும் கிடங்குலதான் இருக்கேன், கதவு எண்றேன். திட்டுறதா இருந்தாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்க.