இரண்டு சீட்டும் ஒரு வெள்ளைத் தட்டும்

இன்று காலை மக்ரூன் கடையில் பொடித்த சீனி கேட்டேன். "வீட்ல என்ன விசேஷம், அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். உண்ணிக்கு என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். தோப்புக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த வாசனையில் நீ வந்து நின்றாய்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முருங்கைத் தோப்பில் நாம் வைத்த ஆறு தேனீப் பெட்டிகளையும் நீ துறைமுகமாகவே நடத்தினாய். அரைத் தம்ளர் தேனீக்களை வலைமூடி போட்ட பாட்டிலில் விட்டு, சீனிப்பொடி தூவி, மெல்ல உருட்டுவாய். கவிழ்த்தால், தேனீக்களின் மேல் ஒட்டியிருந்த உண்ணிகள் வலை வழியே வெள்ளைத் தட்டில் உதிரும்; எண்ணிக்கை கூடினால் பெட்டிக்கு மருந்து வைக்கவேண்டும். மாவு மூட்டை இறக்கிய ஆட்களைப் போல வெளுத்த தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பும். பிறகு நம் பழைய உத்தியோகம். கப்பல் பக்கம் ஒரு எழுத்தர், கரைப் பக்கம் ஒரு எழுத்தர். இறங்கும் மூட்டைகளைத் தனித்தனியே எண்ணி, கடைசியில்தான் சீட்டைக் காட்டவேண்டும். நீ கப்பல், நான் கரை.

கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டிதான் உனக்குச் செல்லம். அன்று அந்தக் கூட்டத்திலும் மூன்று பேர் இருக்கை முழுவதும் உனக்கே கிடைத்தது. அதே பெட்டியில் ஒருமுறை என் கணக்கு பன்னிரண்டு, உன்னுடையது நான்கு. மறுபடி எண்ணினோம், மாறவில்லை. உன் முகம் வாடியது. மூன்றாம் முறை உன் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்து நானும் நான்கு என்று எழுதினேன். அடுத்த மாதமும் அப்படியே. கணக்கு ஒத்துப்போனதில் இருவருக்கும் நிம்மதி. உண்ணிகளுக்கும்தான்.

பிறகு அந்தப் பெட்டியின் வாசலில் சிறகு சுருங்கிய தேனீக்கள் தரையில் ஊர்ந்தன. ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தாய்.

"ஏலே, நீ உண்ணிய எண்ணுனியா, எம் மூஞ்சிய எண்ணுனியா?"

 அன்றே பெட்டிக்கு மருந்து வைத்தாய். அந்த வாரமே கண்புரைக்கு அறுவை செய்துகொண்டாய். என்னோடு பேச மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடியோடு தோப்புக்கு வந்து, எண்ணி, சீட்டை நீட்டினாய்: மூன்று. என்னுடையதிலும் மூன்று. "பாத்து எழுதலயே?" என்றாய். பெட்டி பிழைத்தது. இன்றும் அதில்தான் கூட்டம் அதிகம்.

நீ போனபின் நானே எண்ணி, எழுதி, மடித்துப் பையில் வைக்கிறேன். தட்டைச் சுற்றி வந்து, உன் முக்காலியில் உட்கார்ந்து மறுபடி எண்ணுகிறேன். இன்று கரைக்கு ஐந்து, கப்பலுக்கு ஆறு. ஐந்து என்று திருத்தியிருந்தால் கேட்க ஆளில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை எண்ணினேன்.

ஆறுதான். உன் சீட்டு சரி.