காரணம் என்ற கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

மிக்ஸி போய்விட்டது. காலையில் அரைத்துக்கொண்டிருக்கும்போதே ஜாரின் அடியில் கரகரவென்று சத்தம். பிறகு கறுப்பாகத் தண்ணீர் கசிந்தது. அது வீட்டுக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய பிப்ரவரி 20. வாரண்டி முடிந்து பன்னிரண்டு நாள்.

சாமான் நோட்டில் ஏற்றினேன். பொருள், வந்த நாள், போன நாள், காரணம். நாலாவது கட்டத்தில் வழக்கம்போல் ‘என் கை’ என்று எழுதினேன். நேற்று ஜாரைக் கொஞ்சம் அதிகமாக நிரப்பினேனோ? சாயங்காலம் விளக்கேற்றும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி சிரித்தார். “எமனுக்கு அடுத்தபடியா போன நாள் எழுதி வைக்கிறது நீதான்டி.”

சிரிக்கட்டும். ஆனால் இது மற்ற சாமான் மாதிரி இல்லை. நம் பையன் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்தது.

மார்ச் 5, புதன்

பையனிடம் சொல்லவில்லை. நீ செய்த பொருளை இரண்டே வருடத்தில் கெடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். ஜாரைக் கவிழ்த்து, கத்தியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

“நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. புஷ் தேஞ்சு போச்சு.”

புஷ் என்றால் கத்தியின் தண்டு நின்று சுழலும் வளையம். மோதிரம் அளவுதான்.

“முன்னெல்லாம் பித்தளைல போடுவான். இது பிளாஸ்டிக். இந்த வாரத்துல மட்டும் இது நாலாவது. எல்லாம் இதே மாடல். எல்லாமே ரெண்டு வருஷம். சொல்லி வச்ச மாதிரி வருது.”

“இதை மட்டும் வாங்கிப் போடலாமா?”

“தனியா தர மாட்டான்மா. முழு ஜாராத்தான் வாங்கணும்.”

தேய்ந்த வளையத்தைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தேன். தளர்ந்து சுற்றியது.

என் மேல் தப்பு இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லையே.

மார்ச் 8, சனி

ஏன் நிம்மதி இல்லை என்று இன்று பாத்திரம் தேய்க்கும்போது பிடிபட்டது.

இந்த மிக்ஸி வருவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கம்பெனியில் அவனுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். எதற்குடா என்று கேட்டேன். “ஒரு சின்ன சாமான்தாம்மா. பித்தளைக்குப் பதிலா வேற ஒண்ணு போட்டேன். கம்பெனிக்குப் பெரிய மிச்சம்” என்றான். நான் அந்த ஷீல்டைச் சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டேன். தெரு முழுக்கச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு மூன்று வீட்டில் அதே மிக்ஸியை வாங்கினார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா, மாடி வீட்டு நர்ஸ், முனை வீட்டுத் தையல்காரம்மா. “எங்க பையன் செஞ்சது, கண்ண மூடிட்டு வாங்குங்க” என்று சொன்னது நான்தான்.

கடவுளே.

மார்ச் 9, ஞாயிறு

டீச்சரம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்க பையன் மிக்ஸி எங்க மருமக மாதிரிங்க. ரெண்டு வருஷம் அடக்கமா இருந்துச்சு. இப்போ வாயத் தொறந்தா கரகரங்குது.”

சிரித்து வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பையன் வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் தட்டுக்குப் பக்கத்தில் அந்த வளையத்தை வைத்தேன். பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

“இது எங்கம்மா கிடைச்சுது?”

“நம்ம ஜார்லதான். நீ போட்டதா?”

வளையத்தைத் தட்டுக்கு அப்பால் தள்ளினான். “எத்தனை வருஷம் நிக்கணும்னு கேட்டாங்களோ, அத்தனை வருஷத்துக்குத்தான் போட்டேன். வாரண்டிக்கு மேல நின்னா அது வீண் செலவும்மா. ஷீல்டு அதுக்குத்தான்.”

“அப்போ இது கெட்டுப் போகல. நீ நினைச்ச மாதிரியே வேலை செஞ்சிருக்கு. அப்படித்தானே?”

அவர் குறுக்கே வந்தார். “விடுடி. முதல்ல அவன் சாப்பிடட்டும்.”

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. “உலகத்துல நான் ஒருத்தன்தான் இதைப் பண்றேனா? பழசு மட்டும் என்ன, நூறு வருஷமா நின்னுச்சு? உன் நோட்டையே எடு, பாப்போம்.”

கையைக் கழுவிவிட்டு அவனே எடுத்தான். இஸ்திரிப் பெட்டியைத் தேடினான். முதல் பெட்டி பத்தொன்பது வருடம். அடுத்தது ஏழு. அதற்கடுத்தது மூன்று. இப்போது இருப்பது நாலாவது. விரலை வைத்தபடி காரணக் கட்டத்துக்கு வந்தான். என் கை. என் கை. என் அவசரம். பக்கத்தைத் திருப்பினான். குக்கர் — என் கை. வாளி — என் கவனக்குறைவு. மின்விசிறி — என் கை.

அதற்கு மேல் திருப்பவில்லை. மூடி வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது.

மார்ச் 17, திங்கள்

போய்ச் சேர்ந்ததும் போன் செய்வான். இன்னும் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிறது. பெற்ற பிள்ளையைச் சோற்றுத் தட்டு முன்னாலயா கேட்பாங்க? என்ன பொம்பளை நான்! சாப்பிட்டதுக்கப்புறம் கேட்டிருந்தா என்ன, குடியா முழுகியிருக்கும்? — ஆனால் கேட்காமலே விட்டிருந்தால், விளக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

அவன் மனம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு தம்ளரை உடைத்துவிட்டு, நான் திட்டும் முன்பே அழுதவன்.

மத்தியானம் மூன்று வீட்டுக்கும் போனேன். நான் சொன்னதை நம்பி வாங்கினீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரம்மா, “என்னோடது இன்னும் ஓடுதுக்கா, அதுக்குள்ள ஏன் துக்கம் விசாரிக்க வந்துட்டீங்க?” என்றாள். டீச்சரம்மா மட்டும் குரலைத் தாழ்த்தினார். “மிக்ஸி கிடக்கட்டும். மருமகளைப் பத்திச் சொன்னேனே, அதை வெளிய விட்டுடாதீங்க.”

மார்ச் 29, சனி

போன் வந்தது. நலம் விசாரித்தான். அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டான். வைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

“அம்மா, அந்த நோட்டுல ஏன் எல்லாத்துக்கும் ‘என் கை’ன்னு எழுதி வச்சிருக்கே?”

“வேற யாரை எழுதச் சொல்றே?”



“இனிமே அப்படி எழுதாதம்மா” என்றான்.

நோட்டை எடுத்தேன். மிக்ஸிக்கு நேரே ‘என் கை’யை அடித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது? பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பெயரை எழுத என்னால் ஆகாது. கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 5, சனி

புது ஜார் வாங்கினேன். இதற்குள்ளும் அதே வளையம்தான் இருக்கும். தெரிந்தேதான் வாங்கினேன். வந்த நாள் ஏற்றியாயிற்று.

ஜூன் 12, வியாழன்

இந்த மாதம் இரண்டு தடவை போன் செய்தான். ஆபீஸைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் கேட்பதில்லை. அவனுக்காகத் தினமும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கும்பிடுகிறேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. சும்மா அவன் பெயரை மட்டும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தையல்காரம்மாவின் மிக்ஸியும் நேற்றோடு சரி. காலையில் வந்து நின்றாள். “புதுசு வாங்கணும்க்கா. இந்தத் தடவையும் உங்க பையனையே கேட்டுச் சொல்லுங்க.”

இன்னுமா என் பேச்சை நம்புகிறாள்?

அவள் இருக்கும்போதே போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “உங்க கம்பெனிது வாங்கச் சொல்லலாமாடா?”

அவன் பக்கம் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலையா?

“இந்த வருஷம் வேணாம்மா.”

“அடுத்த வருஷம்?”

“மறுபடி பித்தளையே போடலாம்னு பேசிட்டிருக்கேன். இன்னும் ஒத்துக்கல. ஷீல்டு கொடுத்தவங்ககிட்டயே போய்ப் பேசணும்ல. லேசுல நடக்காது.”

அவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தையல்காரம்மாவிடம் சொன்னேன்.

“செஞ்ச பிள்ளையே வேணாம்னு சொல்லுதா?” என்று என் முகத்தையே பார்த்தாள். “அப்போ அது சரின்னு சொல்ற வரைக்கும் நான் வாங்கல. உங்க வீட்லயே வந்து அரைச்சுக்கறேன், போங்க.”

நாளையிலிருந்து காலை ஏழு மணிக்கு வருகிறாளாம்.