முழு முகத்தையும் காட்டுங்கோ

மடத்துவெளி,
திங்கட்கிழமை.

அன்புள்ள என்னவருக்கு, பாமா எழுதுவது.

நான் சுகம். நீங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காது என்று வாயெடுத்தாலே, கடையில் சனம் என்று போனை வைத்துவிடுகிறீர்கள். இன்றைக்கும் அதுதான். ஆகவே இதை உங்கள் பெறாமகன் வசீகரனிடம் கொடுத்து, பின்னேர பஸ்ஸில் பதுளைக்கு அனுப்புகிறேன். கடிதத்தை அப்படி வைக்க ஏலாதுதானே.

நேற்றும் வீடியோவில் இடப்பக்க முகத்தை மட்டும்தான் காட்டினீர்கள். எங்கள் கடா வேலியைப் பிரித்து, ஏரம்பு அண்ணையின் பயிற்றங்கொடி முழுக்கத் தின்ற கதையைச் சொன்னதும் சிரித்துத் திரும்பினீர்கள். வலப்பக்கம் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கடைவாயால் வழிந்தது, உங்களுக்கே தெரியவில்லை. ஐயோ, அந்தச் சிரிப்புக்காகத்தானே ஒவ்வொரு நாளும் போனும் கையுமாகக் காத்திருக்கிறேன்!

இன்று காலை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய், நம்பர் துண்டும் எடுத்து, வரிசையில் இருந்து, டொக்டர் பிள்ளையிடம் உங்கள் வருத்தத்தைச் சொன்னேன். ஒரு மாதமாக வலது காதுக்குள் குத்து, துளிமருந்துக்கும் அடங்கவில்லை, நாற்றத்தோடு சீழ், மெத்தென்ற பாண் கடித்தாலும் அலகு நோகுது, பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம் என்று எல்லாம் சொன்னேன். ஆளை எங்கை அம்மா என்று கேட்டா. பதுளையில் என்றதும் பின்னால் இருந்த சனம் சிரித்தது. வாய் கோணினதைச் சொன்னதும் அவ பேனையைக் கீழே வைத்துவிட்டா. சீனி வருத்தக்காரருக்கு இது சும்மா காதுக்குத்து இல்லையாம். கிருமி எலும்புக்குள் இறங்கி, முகத்து நரம்பையும் பிடித்திருக்கலாமாம். ஒரு நாளும் பிந்தாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டாம், விட்டால் உயிருக்கே ஆபத்தாம்.

உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதுக்குள் விடச் சொன்னவள் நான்தான். பேனை மூடியால் காது குடையாதீர்கள் என்று சொல்ல, பக்கத்தில் நான் இல்லை. இரண்டும் என் மனதை அரிக்கின்றன.

கடையை வசீகரன் பார்ப்பான். வாசித்த கையோடு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். கிழமைக்கணக்கில் ஊசி போட வேண்டி வருமாம், இருந்து போடுங்கள். நீர் இங்கை வந்தால் வீட்டை ஆர் பாக்கிறது என்று எத்தனை வருடம் என்னை மறித்தீர்கள்! பயிற்றங்கொடி போன ஏரம்பு அண்ணையே கடாவையும் வீட்டையும் பார்ப்பாராம். சுகம் என்று சொல்லப் போன் எடுக்காதீர்கள். எந்த வாட்டு, எத்தனையாம் கட்டில் என்று மட்டும் சொல்லுங்கள். உடுப்பு அடுக்கிவிட்டேன், இந்த முறை உங்களைக் கேட்டு வரமாட்டேன்.

நான் வந்து சேரும்வரை நயினை அம்மன் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். கோணினாலும் பரவாயில்லை, முழு முகத்தையும் எனக்குக் காட்டுங்கோ.

உங்கள்
சத்தியபாமா