அவருக்கு ஒரு துவாய்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பீங்கான் கம்பெனியில் இன்று கரண்ட் பீஸ் கட்டை, சின்ன அச்சு. ஈரப் பஞ்சால் ஓரம் துடைப்பது என் வேலை. துடைத்தது சூளைக்குப் போகும். வெள்ளை மண் காய்ந்து கைத்தோல் இழுக்கிறது. ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை. அதனால்தான் பன்னிரண்டு வருடமாக இதை விடவில்லை.

மாலையில் சம்பந்தியம்மா தனம் வந்தார், நல்லூரிலிருந்து பஸ்ஸில். பூ, வாழைப்பழம் ஒரு சீப்பு. என் மகள் நிலானிக்கும் அவர் மகன் மணிக்கும் கல்யாணம் இன்னும் பத்து நாளில். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பந்தக்கால் நடறதுக்கு முன்னாடி பொண்ணோட அப்பாவுக்கு ஒரு படையல் போட்டுடுங்க சம்பந்தி. எங்க பக்கம் செத்தவங்களுக்குப் படைக்காம நல்ல காரியம் தொடங்க மாட்டோம். புது வேட்டி துண்டு வெச்சி, எல போட்டு, பேர் சொல்லிக் கூப்புடணும். வந்து சாப்புட்டு, புள்ளைய வாழ்த்திட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பணும். அவ்ளோதான்."

அவர் செத்துவிட்டார் என்று யார் சொன்னது? கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.

எந்தத் திதி என்று கேட்டார். தெரியாது என்றேன். "பரவால்ல, ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்" என்றார். நல்ல மனுஷி. கோபப்படவும் வழியில்லை.

ஆவணி 4, புதன்

வாங்க: வேட்டி. துவாய். வாழையிலை. தேங்காய் இரண்டு. அரிசி மா. நி.யின் ஜாக்கெட் தைத்தாயிற்றா, கேட்க.

துவாய்க்கு இங்கே துண்டு என்று பேர். என் வாயில் பாதிச் சொல் இந்த ஊர்ச் சொல்லாகிவிட்டது. இது மட்டும் மாறவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது செல்வியிடம் சொன்னேன். பக்கத்து மேசையில் துடைப்பவள். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"இன்னாக்கா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? படையல் போட்டா அவரு செத்துட்டாருன்னு நீயே ஊருக்குச் சொன்ன மாதிரி. அப்புறம் தாலியும் பொட்டுமா மணைக்குப் பக்கத்துல எப்புடி நிப்ப? தாலித் தட்ட உன் கையில குடுப்பாங்களா? ஓரமா குந்த வெச்சிடுவாங்க."

"போடாட்டி?"

"அப்பனுக்குப் படைக்காம வந்தவன்னுவாங்க. நாளைக்கு அந்த வூட்ல ஒரு மாடு செத்தாகூட உன் பொண்ணு தலையிலதான் வுழும்."

அவள் சாம்பாரில் உப்பே இல்லை. என் குழம்பில் பாதி கொடுத்தேன்.

ஆவணி 5, வியாழன்

அரை நாள் லீவு. அகதி முகாமில் மாதப் பதிவு. வரிசை, கார்டு, கையெழுத்து. கணவர் என்ற இடத்தில் "காணவில்லை" என்று யாரோ எப்போதோ எழுதியது, அப்படியே இருக்கிறது.

வரிசையில் நின்றால் அந்த வரிசை ஞாபகம் வருகிறது. ஒரு தடவை எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

இலங்கையில் சண்டை முடிந்து வெளியே வந்தோம். ஆமிக்காரர் மைக்கில் சொன்னார்கள், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் பெயர் பதிய வேண்டும், பதிந்தால் விட்டுவிடுவோம் என்று. அவரை இயக்கம் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்தது பத்தொன்பது நாள். பங்கர் வெட்டினார், வேறொன்றும் இல்லை. போகமாட்டேன் என்றார். நான்தான் சொன்னேன். ஒளித்துப் பிறகு பிடிபட்டால் அடிப்பார்கள், இப்போதே "பதிஞ்சு போட்டு வாங்கோ" என்றேன். வெயிலுக்குத் தலையில் போடத் துவாய் கேட்டார். நி.க்கு நாலு வயது, காய்ச்சல், அந்தத் துவாயில்தான் படுத்திருந்தாள். "பிள்ளைக்கு வேணும்" என்றேன். சரி என்று போனார். பஸ்ஸில் ஏற்றினார்கள்.

பதினாறு வருடம்.

மாலை தண்ணீர் லாரி வரவில்லை.

ஆவணி 6, வெள்ளி

வேலை முடித்து பாலக்கரைக்கு, ஷேர் ஆட்டோவில். கடைவீதி முழுக்க முகூர்த்தக் கூட்டம்.

வேட்டி சுலபமாக எடுத்துவிட்டேன். துவாய்தான் எடுக்க முடியவில்லை. ஒன்று மெல்லிசு, ஒன்று சின்னது. தலையிலும் போட்டு தோளிலும் விழ வேண்டும் என்றேன். கடைக்காரர் பெரிதாக ஒன்றை உதறிக் காட்டினார்.

"சாருக்குங்களா? அவரையே கூட்டியாந்திருக்கலாம் இல்ல?"

"அவர் வெளியில போயிருக்கிறார்."

அதையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பசி. வடை ஒன்று சாப்பிட்டேன்.

ஆவணி 7, சனி

புழுக்கம். நி. வேட்டியையும் துவாயையும் பார்த்துவிட்டாள். அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சுதான்.

"அம்மா, எனக்கு அப்பா மொகமே ஞாபகம் இல்ல. ஒரு போட்டோகூட இல்ல. நான் அத்தைகிட்ட சொல்லிடறேன், படையல் வேணாம்னு. தாலித் தட்டு நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். நீங்க ஓரமா குந்தினா எனக்குக் கல்யாணமே வேணாம்."

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. உன்னை நாளைக்கு ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. நான் போடுறன்."

அழுதாள். எனக்கு வரவில்லை. அவர் போன நாளிலிருந்தே வருவதில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மா வறுத்து வைத்தேன்.

ஆவணி 8, ஞாயிறு

மூட்டம், தூறல். பிட்டு, தேங்காய்ப்பால் விட்ட சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், வாழைப்பழம். பன்னிரண்டு மணிக்கு தனம் வந்தார், சொந்தக்காரப் பெண்கள் இருவரோடு. விளக்கு ஏற்றினார். இலை போட்டோம். போட்டோ இல்லாததால் வேட்டியும் துவாயும் மட்டும்.

பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். நான் அவர் பேரை ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சருங்கோ" என்றுதான். "அப்புடியே கூப்புடுங்க" என்றார் தனம்.

"இஞ்சருங்கோ. வந்து சாப்பிடுங்கோ. பிள்ளைக்குக் கல்யாணம். வாழ்த்துங்கோ." அதன் பிறகு "போங்கோ" என்று சொல்ல வேண்டும். வாயில் வந்தது, "போட்டு வாங்கோ."

"அய்யய்யோ" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. செத்தவரைப் போய்விட்டு வா என்று சொல்லி அனுப்பக் கூடாது. சாவு வீட்டில் வரேன் என்றுகூட யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எனக்கும் தெரியும். திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் "போட்டு வாங்கோ". மூன்றாம் தடவை வாய் திறக்கவே இல்லை.

தனம் குனிந்து சொதியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். படையலில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

"காரமே இல்லியே சம்பந்தி?"

"அவருக்கு உறைப்பு ஆகாது."

தனம் நிமிர்ந்தார். பிறகு விளக்கை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வேட்டியையும் துவாயையும் எடுத்து என் மடியில் போட்டார்.

"இது படையலே இல்ல, வரப்போற புருஷனுக்கு ஆக்கி வெச்ச சோறு. எடுத்துப் பத்திரமா வெய்யுங்க. வந்தா குடுங்க."

மற்ற இருவரிடமும் சொன்னார்: "பொண்ணோட அப்பா வெளியூர் போயிருக்காரு. தட்டு இவங்கதான் குடுப்பாங்க. எவ இன்னா பேசறான்னு நான் பாத்துக்கறேன்."

நி. அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சொதி கேட்டாள்.

ஆவணி 9, திங்கள்

நல்ல வெயில். பந்தக்கால் நட்டாயிற்று. மஞ்சள் குங்குமம் என்னை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

புதுத் துவாய் கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. அப்படியே வைத்தால் வேர்வை இழுக்காது. அலசிக் கொடியில் போட்டேன். பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது.