பாக்கியத்துக்கு ரெண்டு வைரஸ்

கார்த்திகை 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஆற்றில் செந்தண்ணீர். பஸ்ஸில் வரும்போது பார்த்தேன்.

வீட்டுக்காரி பாக்கியம் தீவிர சிகிச்சை வார்டில். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி ஆக்ஸிஜன். பேச முடியாது. மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கையில் நாலு பத்திக்கு அப்பாலும் கேட்கும் குரல்.

என்னோடு பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் கூட்டிப் படித்த எழுத்து. பிழை இருக்கும்.

வாங்க: சோப்பு, பிளாஸ்க், துண்டு.

உள்ளே ஒருத்தர்தான் போகலாம், ஒரு நாளைக்கு ஒரு தடவை. சளி, இருமல் இருந்தால் அதுவும் கிடையாது.

புதன்

மழை விட்டு விட்டு. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனை முடிவு வந்துவிட்டது.

டாக்டர் கூப்பிட்டார். "தாத்தா, ஒண்ணு இல்ல. ரெண்டு வைரஸ் ஒரே நேரத்துல. ஒண்ணு ஃப்ளூ, அதுக்கு மருந்து குடுக்கோம். மத்ததுக்குத் தனி மருந்து கிடையாது. உடம்புதான் தாங்கணும். இன்னொண்ணு சேரக் கூடாது."

வெளியே தம்பிக்காகக் காத்திருக்கும் மேலப்பாளையத்து பாய் கேட்டார். சொன்னேன். "ஒண்ணு வாங்குனா ஒண்ணு இனாமா, அண்ணாச்சி? இங்கனயும் ஆடித் தள்ளுபடிதாம் போல." சிரித்தேன். பிறகு அவரே டீ வாங்கித் தந்தார்.

அப்போது எஸ்டேட்டில் எங்கள் மூத்த மகனுக்குத் தட்டம்மை. அது இறங்கு முன்னே கக்குவான் இருமல். லயத்து வீட்டு ஓடு ஒழுகியது, பாக்கியம் அவனை மடியில் வைத்துக்கொண்டு இடம் மாறி மாறி உட்கார்ந்தாள். புதைத்துவிட்டு வந்து ஒரே பேச்சுதான் பேசினாள். "ஒண்ணா இருந்தா நான் தாங்கிப் புடிச்சிருப்பேன்."

இன்று அதுவே காதில்.

வியாழன்

மூட்டம். சாப்பாடு இறங்கவில்லை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து செல்வி, பாக்கியத்தின் தங்கை. எஸ்டேட்டை விட்டு மலையிலிருந்து இறங்கியபின் அப்பளம் தேய்க்கிறாள். வந்ததும் இருமினாள்.

"இருமுதியே, தாயி."

"அது மாவு, அத்தான். தொண்டையில புடிச்சிருக்கு."

"மாவுன்னா முந்தானைக்குள்ள ஏன் இருமுத?"

"ஒரே லயத்துல கெடந்தோம். அப்ப எந்த வைரஸப் பாத்தீய? எங்க அக்காளப் பாக்க ஒங்ககிட்ட சீட்டு வாங்கணுமோ?"

விடவில்லை. கதவை மறித்து நின்றேன். கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைப் பெஞ்சில் வைத்தாள்.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீரு மட்டும் பாத்தவராயிருப்பீரு."

அழுதுகொண்டே படி இறங்கினாள். பாய் என் பக்கம் பார்க்கவே இல்லை.

உள்ளே போனேன். பாக்கியம் கண் திறக்கவில்லை. காலைத் தொட்டேன், சூடு.

வெள்ளி

வெயில். எழுந்ததிலிருந்து தொண்டையில் முள். பெஞ்சில் ஈரக்காற்று, அதுவாக இருக்கும். வெந்நீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன்.

நர்ஸம்மா ஓடி வந்தாள். "தாத்தா, பாட்டி முழிச்சிட்டாவ. தலையில முண்டாசு கட்டுத மாதிரி கையக் காட்டுதாவ. யாரக் கேக்காவ?"

என்னைத்தான். எஸ்டேட்டில் முண்டாசு என்றால் நான்.

செல்வியின் ஆரஞ்சு பெஞ்சிலேயே. ஒன்று அழுகல்.

முண்டாசை அவிழ்த்துப் புதிதாகக் கட்டினேன். மாஸ்க் போட்டேன். மூச்சைப் பிடித்தபடி கதவுக்குப் போனேன். இடுக்கில் கட்டில் தெரிந்தது. பாக்கியம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பைய உயர்ந்தது.

"இருமல் கிருமல் இருக்கா, தாத்தா?" கதவருகே நர்ஸம்மா கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது.